மட்டையில் என்ன குறை

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் ராஜபாளையத்தில் அவர் அளவுக்குக் கோல்ஃப் பேசியவர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. ராணுவத்தில் இருந்தபோது சில வருஷம் அவரை ஒரு மலை ஊரில் போட்டிருந்தார்கள். அங்கே அதிகாரிகள் ஆடும் கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஆள் வைத்துப் புல் வெட்டுவார், குழிக்குக் குழி கொடி நடுவார், காணாமல் போன பந்தைப் புதருக்குள் தேடுவார். மாப்பிள்ளை எல்லையில் நிற்கிறார் என்று எங்கள் அப்பா ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்த காலத்தில் மாப்பிள்ளை பார்த்த வேலை இதுதான்.

ஓய்வுபெற்று வந்த பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. முதலில் டிவியில் பார்த்தார், பிறகு போனில். ஆட்டத்தைவிட ஆட்டத்தைச் சுற்றி நடக்கும் பஞ்சாயத்துதான் அவருக்கு உயிர். எந்தக் கோலால் அடிக்கலாம், எந்தக் கோலால் அடிக்கக் கூடாது என்று அங்கே எப்போதும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்குமாம். கோலின் முகம் ஸ்பிரிங் மாதிரி பந்தைத் தள்ளிவிடக் கூடாது. முகத்தில் இருக்கும் கோடுகள் ரொம்ப ஆழமாக, கூராக இருக்கக் கூடாது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அவர் எதிரில் உட்கார்ந்து இரண்டு தரப்பு வாதத்தையும் வக்கீல் மாதிரி எடுத்து வைப்பார்.

அதில் ஒரு வழக்கை மட்டும் அடிக்கடி சொல்வார். நன்றாக ஆடுகிற சிலருக்குக் குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கை உதறுமாம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குழிக்குள் பந்தை உருட்டிவிட முடியாமல் தவிப்பார்களாம். அப்படிப்பட்டவர்களில் சிலர் நீளமான கோல் ஒன்றை எடுத்து, அதன் நுனியை நெஞ்சில் ஊன்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். ஜெயிக்கவும் செய்தார்கள். மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. வருஷக்கணக்கில் வாதம் நடந்து, கடைசியில் நெஞ்சில் ஊன்றி அடிக்கக் கூடாது என்று விதி போட்டுவிட்டார்கள்.

"இதுல வேடிக்கை என்னன்னா, கோலுக்குத் தடை இல்லட்டி. அந்தக் கோல அவன் இன்னும் வச்சுக்கிடலாம். அவன் பிடிச்ச பிடிக்குத்தான் தடை" என்பார்.

"வேலையத்தவிய சண்டை. அதுக்கு நீங்க ஏன் தூக்கத்தக் கெடுக்கிய?" என்பேன் நான்.

அவர் ஆடியது பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, நரம்பு கட்டிய மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். எங்கள் பக்கத்தில் அது தெரியாத தெரு கிடையாது. முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர். ஆட்டம் நடக்கும்போது இடம் மாறி நிற்க முடியாது. எங்கள் தெரு அணியிலோ ஆயுசுக்கும் மாறுவதில்லை. இவருக்கு முன்வரிசையில் வலது பக்கம். பள்ளிக்கூட நாளில் வாங்கிய இடம். ராணுவத்துக்குப் போன பிறகும் அந்த இடம் அவர் பேரில்தான் இருந்தது. லீவுக்கு வந்து இறங்கிய மறுநாள் விடியலில் மட்டையோடு போய் நிற்பார், அதுவரை அங்கே ஆடியவன் ஒரு வார்த்தை பேசாமல் விலகிக்கொள்வான். அவர் இல்லாத மாதங்களில் அங்கே நிற்கிறவனுக்கு 'வாடகைக்காரன்' என்று பேர். அந்த மரியாதையில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

நடுவில் ஆடுகிறவர்தான் கேப்டன். எங்கள் அடுத்த வீட்டுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இவரை அண்ணே என்பார், என்னை வதினா என்பார். என் பிரசவத்தின்போது இவர் எங்கோ பனிமலையில் இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய நின்றது அந்த மனிதர்தான். இதை இங்கே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவரைத் திட்டப் போகிறேன், அப்போது இது மறந்துபோகக் கூடாது.

இவர் ஓய்வுபெற்று வந்து பல வருஷம் கழித்து வலது கை நடுங்க ஆரம்பித்தது. காப்பி டம்ளரை நீட்டினால் வாங்கும் கை தனியாக ஒரு தாளம் போடும். மதுரை டாக்டர் பார்த்தார், மூளையில் சுரக்க வேண்டிய ஒன்று குறைந்துபோயிருக்கிறது என்றார், மாத்திரை எழுதினார். இது போகாது, மெதுவாகக் கூடிக்கொண்டுதான் வரும், நடப்பதையும் ஆடுவதையும் மட்டும் விட்டுவிட வேண்டாம் என்றும் சொன்னார். இவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒல்லியான கைப்பிடி அவர் கைக்கு நிற்கவில்லை. சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிப் பருமனாக்கினார். அடியில் ஒரு மரத்துண்டைச் சேர்த்து இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி செய்தார். விதிப்புத்தகத்தில் மட்டையின் நீளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. நான் ஜாக்கெட் தைக்கிற டேப்பை வாங்கி, என்னையே பிடிக்கச் சொல்லி அளந்தார். வரம்புக்கு ஒரு விரல்கடை குறைவாகவே இருந்தது. பார்த்தவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த மட்டையோடு தினமும் போனார். ஒரு காலையில் இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வந்தார். எதிரில் நின்றவர் ஓங்கி அடித்த பந்துக்கு இவர் மட்டை நேரத்துக்கு எழும்பவில்லை. அடுத்த வீட்டுக்காரர் கூடவே வந்தார். நான் மஞ்சளைக் குழைத்துப் போடும்வரை வாசல்படியிலேயே நின்றார்.

"ராணுவத்துல படாத அடியாப்பா? போ, போயி வேலையப் பாரு" என்று இவர் சிரித்தார். அந்த மனிதர் சிரிக்கவில்லை.

பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். ஆண்டாளைச் சேவித்த மாதிரியும் ஆகும் என்று நானும் பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் தங்கள் மட்டைகளை நடுவலைக்கு அடியில் வரிசையாகக் கிடத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். நடுவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அவரிடம் தனியாகப் போய்ச் சொல்லலாம். சொன்னது யார் என்று நடுவர் வெளியில் விடமாட்டார். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான், முகத்துக்கு நேரே குற்றம் சொன்னால் நாளைக்குக் கல்யாண வீட்டில் எப்படி எதிர்ப்படுவது? அதற்காக யாரோ கண்டுபிடித்த வழி.

நடுவர் இவருடைய மட்டையிலேயே நின்றுவிட்டார். அளந்தார், சரியாக இருந்தது. தராசில் வைத்தார், அதுவும் சரியாக இருந்தது. ஆனாலும் ஆட்சேபணை வந்திருக்கிறது என்றார். ஒட்டுப்போட்ட கைப்பிடி ஆட்டத்தில் கழன்று யார் மேலாவது பட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. இவர் விடவில்லை.

"அளவு சரின்னு நீங்களே சொல்லிட்டிய. பொறவு என்ன? கோல்ஃப்ல கூட கோலத் தடை பண்ணலய்யா. ஊன்றதத்தான் தடை பண்ணாவ. நான் எங்கயும் ஊனலயே" என்றார்.

கோல்ஃப் என்றதும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுங்குகிற கையில் மட்டையை ஏந்திக்கொண்டு ஒரு மனிதர் நியாயம் கேட்கிறார், இதில் சிரிக்க என்ன இருக்கிறது? செத்த நேரத்தில் தீர்ப்பு வந்தது. மட்டை கூடாது, வேறு மட்டை என்றால் ஆடலாம். வேறு மட்டை அவர் கையில் நிற்காது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வாடகைக்காரன் உள்ளே போனான். இவர் மட்டையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். எங்கள் அணி ஜெயித்தது. அவர்தான் எழுந்து போய்ப் பால்கோவா வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரணிக் கேப்டன் டீ குடித்துக்கொண்டு நின்றார். நேரே போய் நின்றேன்.

"ஒரு சீக்காளிய ஜெயிக்க வழி தெரியாமத்தான் மட்டையில குத்தம் சொன்னியளா? கடைசில தோத்துத்தான போனிய?"

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "மதினி, ஆண்டாள் சத்தியமா நாங்க ஒரு வார்த்த சொல்லல. எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னுதான் நடுவர்ட்ட சொன்னோம்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னது உங்க ஆளுக" என்றார்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அடுத்த முறை கைப்பிடியை ஒரே மரத்தில் கடைந்துவிட்டால் ஒட்டு என்ற பேச்சே வராது என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் நான்கு பேரும் முன்சீட்டுகளில் இருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு போய்க் கேட்டேன். மறைக்கவில்லை அந்த மனிதர்.

"பந்து கண்ணுக்குக் கீழ பட்டுச்சு வதினா. ஒரு விரக்கட மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். அண்ணனுக்குக் கை எழும்ப மாட்டேங்கு. தெரிஞ்சே எப்படி நிறுத்துவோம்?"

"அத அவியட்டச் சொல்லுறதுக்கென்ன?"

"என்னன்னு சொல்ல? அண்ணே, நீங்க ஆடினது போதும், விலகிக்கோங்கன்னா? எங்க நாலு பேர்ல எவனுக்கும் வாய் வரல. மட்டையில குத்தம்னா அண்ணனுக்குக் கோவம் மட்டை மேல போயிரும், ரூல் மேல போயிரும். மனசு ஒடியாதுன்னு நெனச்சோம்."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டினேன், நன்றாகவே திட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். கடைசியில், "வதினா, நீங்களே அண்ணன்ட்டச் சொல்லிருங்க" என்றார். எனக்கு எங்கிருந்து வாய் வரும்?

அந்த நாலு பேரும் கெட்டிக்கார ஆட்கள்தான், ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. மனிதனில் குறை என்றால் ஒரு நாள் அழுதுவிட்டு அடங்கலாம். மட்டையில் குறை என்று சொன்னால் அவர் மட்டையைத் திருத்திக்கொண்டு திரும்ப வருவார்.

வந்தார். கைப்பிடி முழுவதையும் ஒரே மரத்தில் கடைந்து கொண்டுபோனார். கேப்டன் அதைக் கையில் வாங்கி, ஏந்திப் பார்த்து, "கனம் கூடுதுண்ணே, போட்டியில எடுக்க மாட்டாவ" என்றார். இவர் வீட்டுக்கு வந்து மரத்தை இழைத்துக் கனத்தைக் குறைத்தார். இழைப்புளியை அந்தக் கை பிடிக்கிற அழகைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். கனம் குறைந்தது. மட்டை நழுவாமல் இருக்க மணிக்கட்டில் மாட்டுகிற ஒரு கயிறு போட்டிருந்தார். "கயிறு கூடாதுண்ணே" என்றார்கள். கயிற்றை அறுத்தார். இப்படியே ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. ஒவ்வொரு முறையும் தோளில் மட்டையோடு போகிற நடை போகப் போகச் சின்ன அடிகளாகக் குறுகிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, "இது ஒண்ணுதான் பாக்கியாம்" என்பார். நான் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒரு வேலை செய்தார். கடையில் விற்கிற சாதாரண மட்டை ஒன்றை வாங்கி வந்தார். ஒட்டு இல்லை, டியூப் இல்லை, கயிறு இல்லை. அதை இடது கையில் பிடித்துக்கொண்டு கொல்லைச் சுவரில் பந்தை அடித்துப் பழக ஆரம்பித்தார். இடது கை அப்போது நடுங்கவில்லை. ஆனால் அது வாழ்நாளில் மட்டை பிடித்த கையும் இல்லை. பந்து பாதி நேரம் துளசி மாடத்தின் மேல் போய் விழும். குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கும். திரும்பவும் அடிப்பார்.

ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. பந்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"போதுங்க. மட்டையில ஒரு குறையும் இல்ல. மொதல்ல செஞ்ச மட்டையிலயே இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆட்சேபணை சொன்னது நம்ம ஆளுக" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் மட்டையைச் சுவரில் சாத்தினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்காரவே நேரம் பிடித்தது.

"தெரியும்ட்டி" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"அன்னைக்கே. நடுவர் அளக்கும்போது நம்மாளுக நாலு பேரும் மட்டையப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டு நின்னானுவ."

"தெரிஞ்சுமா இம்புட்டு மாசமா மரத்தப் போட்டு இழைச்சிய?"

நடுங்குகிற கையை மறு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "என்னால ஆட முடியலன்னு எனக்குத் தெரியாதா? போகச் சொன்னாப் போயிருவேன். ஆனா அவனுக வாயால சொல்லணும்ட்டி. சின்னப் பிள்ளையில இருந்து ஒண்ணா நின்னவனுக. ரூல்புத்தகம் என்னப் போகச் சொல்லக் கூடாது. மட்டையில சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டுப் போயி நின்னா, பொறவு எம் முகத்தப் பாத்துத்தான சொல்லணும்? அண்ணே, போதும்ணேன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். சிரிச்சுக்கிட்டே வந்திருவேன்."

நான் பந்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து விடியலில் கிளம்பினார். தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுகளம் தயாராக இருந்தது. நான்கு பேரும் இருந்தார்கள், வாடகைக்காரனும் இருந்தான். இவரைப் பார்த்ததும் அவன் மட்டும் பழைய வழக்கப்படி ஒரு வார்த்தை பேசாமல் முன்வரிசை வலது பக்கத்தைவிட்டு விலகி நின்றான். இவர் அங்கே போகவில்லை. நேரே நடுவில் நின்ற கேப்டனிடம் போய், புது மட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாருப்பா. என்ன குறைன்னு சொல்லு" என்றார்.

கேப்டன் மட்டையை வாங்கினார். கைப்பிடியைப் பார்த்தார். கடை மட்டை. நீளத்தைப் பார்த்தார். உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தார். புரட்டினார், திரும்பவும் புரட்டினார். இவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லுடா என்று நான் மனசுக்குள் கத்தினேன். எனக்காக விடிய விடிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன்தானே நீ, ஒரு வார்த்தை சொல்லிவிடேன். அந்த மனிதர் ஒரு முறை தலை நிமிர்ந்தார். கண் நிறைந்திருந்தது. உதடு அசைந்தது. பிறகு குனிந்து, பெருவிரலால் மட்டையின் நரம்பை ஓர் அழுத்து அழுத்தினார்.

"நரம்புக் கட்டு கொஞ்சம் தளர்வா இருக்குண்ணே" என்றார்.

இவர் கை நீட்டி மட்டையை வாங்கிக்கொண்டார். அந்த மனிதரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்படியாப்பா? சரி. இறுக்கிட்டு வாரேன்" என்றார்.

வரும் வழியில் மட்டையை நான் வாங்கிக்கொண்டேன். நடந்துகொண்டே நரம்பைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். விண்ணென்று இருந்தது, விரலில் தடம் விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அழுத்திப் பாக்காதட்டி" என்றார். "அவன் தளர்வுன்னா தளர்வுதான்."